கோடு தெரிகிறதா

தேரிக்காட்டுச் செம்மண் முடிந்து பஸ் ரோடு தொடங்குகிற இடத்தில் நெடுவிளை என்று ஒரு ஊர், அந்த ஊரில் ஆட்கள் மங்கிப்போன காலம் ஒன்று இருந்தது. வேறு ஊரில் இது நடந்திருந்தால் பேப்பரில் வந்திருக்கும், அமைச்சர் காரில் வந்து இறங்கிப் பார்த்திருப்பார், சாமியாடிகள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கிடாய் கேட்டிருப்பார்கள், ஆனால் நெடுவிளைக்காரர்கள் செய்ததெல்லாம் தையல்காரரிடம் போய், இனிமேல் சட்டைக்கு இரண்டு விரற்கடை கூடுதலாக விட்டுத் தையுங்கள், உடம்பு எங்கே முடிகிறது என்று எங்களுக்கே சரியாகப் பிடிபடவில்லை என்று சொன்னதுதான். காரணத்தை யாரும் பெரிதாகத் தேடவில்லை. காரணம் தெரிந்த ஒருத்தி ஊரிலேயே இருந்தாள், அவர்களோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அவள் பெயர் தங்கபுஷ்பம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிலா ஸ்டுடியோ வைத்திருந்த சிவனணைந்தானின் பெண்டாட்டி. கலர் படம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது. சிவனணைந்தான் படம் எடுப்பார், புஷ்பம் கழுவுவாள், கல்யாணமான நாளிலிருந்து வேலை இப்படித்தான் பிரிந்திருந்தது. அவர் வெளிச்சத்தில் நின்று வருகிறவர்களைச் சிரிக்க வைப்பார், அவள் கறுப்புத் திரைக்குப் பின்னால் சிவப்பு பல்பின் கீழே, என்லார்ஜர் என்கிற அந்த உயரமான மிஷினில் நெகட்டிவை மாட்டி, கீழே விரித்த தாளில் விழுகிற முகத்தைச் சக்கரத்தைத் திருகித் திருகித் தெளிய வைப்பாள். வருகிற ஆளிடமெல்லாம் சிவனணைந்தான் ஒன்றையே சொல்வார்: "நான் எடுக்கது பாதிதான் அண்ணாச்சி. மீதி எங்க வீட்டுக்காரி கண்ணுலா." பெண்டாட்டியைப் புகழ்கிற புருஷன் ஊரில் அரிது என்பதால் அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவியிருந்தது, தங்கபுஷ்பத்துக்கும் அதைக் கேட்கக் கேட்க உள்ளுக்குள் இனித்தது, அந்த இனிப்புதான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது.

ஏனென்றால் அவளுக்கு நாற்பதைத் தாண்டியதும் கிட்டத்துப் பார்வை குறைய ஆரம்பித்திருந்தது. அரிசியில் கல் தப்பியபோது கடைக்காரனைத் திட்டினாள், ஊசியில் நூல் ஏறாதபோது நூலைத் திட்டினாள், தாளில் விழுந்த முகத்தின் புருவம் எவ்வளவு திருகியும் கலங்கலாகவே கிடந்தபோது திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் குத்துமதிப்பாக நிறுத்தினாள். சில படம் தெளிவாக விழுந்தது, சிலது விழவில்லை. விழாததைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி போட்டாள். கடைசியில் புருஷனிடம், "பெரிய சைஸ் ஆர்டர் நெறைய வருதுல்லா, ஒரு போகஸ் கண்ணாடி வாங்கிப் போட்டா தேவலை" என்றாள். எதற்காக வேண்டும் என்பதில் பாதியைச் சொன்னாள், மீதியை முழுங்கினாள்.

இருவரும் மதுரைக்குப் போனார்கள். போட்டோ சாமான் விற்கிற கடைக்காரர் மேஜைமேல் இரண்டு கருவிகளை எடுத்து வைத்தார். ஒன்று குட்டையானது, பிளாஸ்டிக், உற்றுப் பார்க்கிற கண்ணாடிச் சில்லு ஒரே இடத்தில் அசையாமல் இருந்தது. இன்னொன்று உயரமானது, இரும்பு, அடியில் சாய்ந்த ஒரு கண்ணாடி, மேலே கண் வைக்கிற குழல், குழலைச் சுற்றித் திருகுகிற ஒரு வளையம். தாளின்மேல் இதை வைத்துக் குழலுக்குள் பார்த்தால் முகம் தெரியாது, முகம் எதனால் ஆனதோ அந்தப் பொடி மணல்தான் தெரியும், மணல் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்துவிட்டால் படம் தெளிந்துவிட்டது என்று கணக்கு. கடைக்காரர் உயரமானதைத் தன் கண்ணில் வைத்து வளையத்தை இப்படியும் அப்படியும் திருகி நிறுத்திவிட்டு, புஷ்பத்திடம் நீட்டினார்.

"மொதல்ல உள்ள ஒரு கறுப்புக் கோடு இருக்கும், மயிரிழை கணக்கா. அது தெரியுதாம்மா பாருங்க. இது என் கண்ணுக்கு வச்சது. கோடு உங்க கண்ணுக்குத் தெளியிற வரைக்கும் வளையத்தைத் திருகணும், அப்புறம்தான் மத்தது. கோடு தெளியாம மணலைப் பாத்தா எல்லாமே தப்பா விழுகும். வயசாகுதுல்ல, ஆளுக்கு ஆள் கண்ணு மாறும்."

புஷ்பம் குனிந்து பார்த்தாள். கோடு இல்லை. பால் கலந்த தண்ணீர் போல ஒரு வெளிச்சம் மட்டும் இருந்தது. வளையத்தில் விரலை வைக்கப் போன அந்த நிமிஷத்தில் பக்கத்தில் நின்ற சிவனணைந்தான் சிரித்துக்கொண்டே, "அவளுக்கு அதெல்லாம் வேண்டாம் அண்ணே, அவ கண்ணு கருடன் கண்ணு" என்றார். கடைக்காரரும் சிரித்தார். வரிசையில் நின்ற இன்னொரு ஸ்டுடியோக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

"தெரியுது," என்றாள் புஷ்பம். "நல்லாத் தெரியுது."

அவ்வளவுதான். ஒரு பெண் தன் வாழ்நாளில் சொல்கிற பொய்களில் இது ஒரு பொய்யா என்று கேட்டால், விருந்தாளியிடம் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்வதைவிடச் சின்னது. வீட்டுக்கு வந்ததும் அவள் இன்னொன்று செய்தாள்: வளையம் அசைந்துவிடக் கூடாது என்று காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை அதைச் சுற்றி இறுக்கி ஒட்டினாள். மதுரைக் கடைக்காரரின் கண் அன்றைக்கு நெடுவிளைக்கு வந்து, நிலா ஸ்டுடியோவின் டார்க் ரூமில் குடியேறியது. அதற்குள் அவள் பார்த்தாள், மணல் பிரிந்தது போலத்தான் இருந்தது, படத்தைப் போட்டாள். குத்துமதிப்பாகச் செய்தவரைக்கும் ஒன்றிரண்டாவது சரியாக விழுந்தது. கருவி வந்தபிறகு எல்லாப் படமும் ஒரே அளவில், ஒன்றுகூடத் தவறாமல் தவறாக விழுந்தது.

முதலில் மங்கியவர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். ரிட்டயர்மெண்ட் படம் வாங்க வந்தவர், கவரிலிருந்து உருவிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிச் சைக்கிளில் ஏறினார். ஏறும்போதே அவருடைய விளிம்பு தளர்ந்துவிட்டது, சட்டைக்கும் காற்றுக்கும் நடுவே இருந்த கோடு அழிந்து, மீசை முகத்தோடு கரைந்து, ஒரு காக்கிப் புகை பெல் அடித்துக்கொண்டு கீழ ரத வீதிப் பக்கம் போனது. வலி எதுவும் இல்லை, பசி தூக்கம் எல்லாம் பழையபடிதான். அவர் பெண்டாட்டி மட்டும் கதவைத் திறந்ததும், "என்ன இது, ஒரு மாதிரியா இருக்கீக" என்றாள், பிறகு சோறு போட்டாள். அடுத்து மங்கியது புதுமாப்பிள்ளையும் பெண்ணும், அடுத்து வாலிபால் டீம் மொத்தமும், அடுத்து துபாய்க்குப் போவதற்காக பாஸ்போர்ட் படம் எடுத்த தெற்குத் தெருப் பையன்கள். நிலா ஸ்டுடியோவில் படம் எடுத்து, அது கைக்கு வந்து சேர்ந்த நிமிஷத்தில் ஆள் படம் போல ஆகிவிட்டான். அதனால்தான் யாரும் படத்தைக் குறை சொல்லவில்லை. சிவனணைந்தானே படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, அச்சாக அப்படியே இருக்கிறது என்று மகிழ்ந்தார். விமான நிலையத்தில் அதிகாரி தெற்குத் தெருப் பையன்களின் பாஸ்போர்ட்டைப் பிரித்தார், கலங்கலான படத்தைப் பார்த்தார், கலங்கலான பையனைப் பார்த்தார், இரண்டும் ஒன்றுதான் என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

ஊர் இதை எப்படித் தாங்கியது என்றால், மழை பெய்தால் குடை எடுப்பது போல எடுத்துக்கொண்டது. முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாததால் ஒவ்வொருவரும் ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் வருமுன்னே இருமினார், ஒருவர் கதர்த்துண்டை விட்டுச் சிவப்புத் துண்டுக்கு மாறினார், பெண்கள் வளையலை மாற்றி மாற்றிப் போடுவதை நிறுத்தி ஒரே வளையலின் சத்தத்தில் தங்களை நிறுத்திக்கொண்டார்கள். நாவிதர் கன்னம் எங்கே முடிகிறதோ அங்கே கத்தியை வைக்க முடியாமல் இடது கையால் தடவிக்கொண்டே சவரம் செய்யப் பழகினார். கோயிலில் பூசாரி குத்துமதிப்பாகத் திருநீறு பூசினார், அது பாதி மூக்கில் விழுந்தது, சாமிக்கு மூக்கும் நெற்றியும் ஒன்றுதான் என்று வாங்கிக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பார்ப்பதை விட்டுவிட்டுப் பேசிப் பார்த்தார்கள், அம்மைத் தழும்பால் இரண்டு முறை தட்டிப்போன ஒருத்திக்கு அந்த வருஷம் நல்ல இடத்தில் முடிந்தது. மாமியாரின் முறைப்பு மருமகளுக்குத் தெரியவில்லை, மருமகளின் உதட்டுச் சுழிப்பு மாமியாருக்குத் தெரியவில்லை, வீடுகளில் சண்டை பாதியாகக் குறைந்தது. எல்லோரையும்விடச் சந்தோஷப்பட்டது வாலிபால் டீம்தான். கை எங்கே முடிகிறது, பந்து எங்கே தொடங்குகிறது என்று எதிர் டீமுக்குப் பிடிபடாமல், அந்தக் கோடையில் சுற்றுவட்டாரத்துக் கோப்பை எல்லாவற்றையும் நெடுவிளை தூக்கிக்கொண்டு வந்தது. கொசுக்கள் மட்டும் குறி தவறவில்லை.

ஊரில் தெளிவாக இருந்தது பெரியவர்களில் இரண்டே பேர்தான், இரண்டு பெண்கள். ஒருத்தி புஷ்பம், படம் கழுவுகிறவளை யார் படம் எடுக்கப் போகிறார்கள், சிவனணைந்தானே ஸ்டுடியோக்காரர் சங்கத்து அட்டைக்காகத் தன்னை எடுத்துக்கொண்டு மங்கிப்போனார், அவளை எடுக்கத் தோன்றவில்லை. இன்னொருத்தி சோடா கம்பெனி மாசானத்தின் பெண்டாட்டி பேச்சித்தாய். மாசானம் மாரடைப்பில் போனபிறகு, தாலியறுத்தவளை எந்த வீட்டு விசேஷத்திலும் போட்டோவுக்கு நிற்கக் கூப்பிடவில்லை. புகை போல அசைகிற ஊருக்குள் இந்த இரண்டு பேருடைய முகத்தில் மட்டும் ஒவ்வொரு சுருக்கமும் கீறிவிட்டது போலத் தெரிந்தது. பிள்ளைகள் புஷ்பத்தைக் கண்டால் கொஞ்சம் பயந்தார்கள். அவளுக்கும் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

அவளுக்குத் தெரியாதா என்றால், தெரியும். டிரில் மாஸ்டர் புகையாகிப் போன அன்றைக்கே புரிந்துவிட்டது. போகஸ் கண்ணாடியை எடுத்தாள், பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நிமிண்டினாள், பிறகு ஒட்டிவிட்டாள். வளையத்தைத் திருகினால் கோடு தெரியும். கோடு தெரிந்தால் அன்றைக்குக் கடையில் தெரியவில்லை என்பது உண்மையாகிவிடும். ஊரும் சௌகரியமாகத்தானே இருக்கிறது, சண்டை குறைந்திருக்கிறதே, கோப்பை வந்திருக்கிறதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வீட்டில் புருஷன் சாப்பிட உட்காரும்போது அந்தக் கலங்கலான வாய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தட்டைப் பார்த்தே பரிமாறினாள், அவர் சிரிக்கிறாரா இல்லையா என்று குரலை வைத்துத் தெரிந்துகொண்டாள், அவர் இன்னும் வருகிறவர்களிடம், மீதி எங்க வீட்டுக்காரி கண்ணுலா என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு இப்போது அவளுக்கு இனிக்கவில்லை.

பேச்சித்தாய் ஒரு நாள் மத்தியானம் ஸ்டுடியோவுக்கு வந்தாள். சிவனணைந்தான் கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போயிருந்தார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"யக்கா, ஒங்கிட்ட ஒண்ணு கேக்கேன், யார்ட்டயும் சொல்லிராத. அவுக மொகம் எனக்கு மறந்து போச்சுக்கா."

"யாரு மொகம்?"

"எங்க வீட்டுக்காரவுக மொகம். கண்ண மூடினா ஒரு மங்கலா நிக்காவ. குரல் இருக்கு, பீடி வாடை இருக்கு, மொகம் இல்ல. சோடா பாட்டில் வெடிச்சு புருவத்துல ஒரு வெட்டு இருக்கும்லா, அது எந்தப் பக்கம்னுகூட யோசிக்க வேண்டியிருக்கு. சுவத்துல நீ போட்டுத் தந்த படம் இருக்குல்லா, அதப் பாத்தாலும் பிடிபடமாட்டேங்கு. ஊரு மங்கினா மங்கட்டும், அது எல்லாருக்கும்தான். கட்டின புருசன் மொகம் மனசுக்குள்ள மங்குமாக்கா? அவுக போன மறு வருசமே நான் கடையில நின்னு சிரிச்சேம்லா, தங்கச்சிகூட சினிமாவுக்குப் போனேம்லா, அதுக்குத்தான் இது. எனக்கு அவுக மேல பாசம் இல்லாமப் போச்சோ?"

தங்கபுஷ்பத்துக்கு அந்தச் சுவர்ப் படம் ஞாபகம் வந்தது. மாசானம் சோடா கம்பெனி திறந்த நாளில், பூஜைக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தோடு நின்றவரைச் சிவனணைந்தான் எடுத்த நெகட்டிவ் அது; செத்த இரண்டாம் வருஷத் திதிக்கு அதிலிருந்து மாசானத்தை மட்டும் பெரிதாக்கிப் போட்டுத் தந்தவள் அவள்தான், பிளாஸ்திரி ஒட்டிய கருவியை வைத்து. உயிரோடு இருக்கிறவன் மங்கினால் அவன் உடம்பு மங்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. செத்தவனுக்கு மங்க உடம்பு இல்லை. அவன் எங்கே இருக்கிறானோ அந்த இடம் மங்கியிருக்கிறது.

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "அப்படியெல்லாம் இல்ல பேச்சி, மனசு சரியில்லாத நேரம் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினாள். பேச்சித்தாய் போகும்போது, "திருச்செந்தூர்ல முடி எறக்குதேன்னு நேந்திருக்கேன்க்கா, மொகம் திரும்பக் கெடைச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சோடா கம்பெனியை அவள் அந்த வாரமே அடைத்துவிட்டாள், கடையில் நின்றால் சிரிப்பு வந்துவிடும் என்று.

இதற்கிடையில், ஊர் முழுக்கப் பார்வை கெட்டுப்போயிருக்கிறது என்று யாரோ மேலிடத்துக்கு எழுதிப் போட, டவுனிலிருந்து டாக்டர்கள் வந்து பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் நடத்தினார்கள். ஊரே வரிசையில் நின்றது. புகைபோன்ற ஆட்கள் ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார்ந்து, கடைசி வரியில் இருந்த பொடி எழுத்துவரை கடகடவென்று படித்தார்கள், டாக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, இப்படி ஒரு நல்ல பார்வையுள்ள ஊரைப் பார்த்ததே இல்லை என்றார்கள். சிவனணைந்தான் பெண்டாட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "இவ கண்ணப் பாருங்க டாக்டர், படம் கழுவுத கண்ணு" என்று பெருமையாக உட்கார வைத்தார். சுவரில் தொங்கிய எழுத்தை அவளும் படித்துவிட்டாள். பிறகு டாக்டர் ஒரு சிறிய அட்டையைக் கையில் கொடுத்தார். அவள் கையை நீட்டி, இன்னும் நீட்டி, தோள் வலிக்கும்வரை நீட்டி, அப்படியும் படிக்க முடியாமல் அட்டையை மடியில் வைத்தாள். அந்த முகாமில் ஊர் மொத்தத்துக்கும் கொடுத்தது ஒரே ஒரு கண்ணாடிதான்.

"வயசானா வாரதுதானட்டி, இதுல என்ன இருக்கு" என்றார் சிவனணைந்தான். அவர் குரலில் வருத்தமில்லை, கேலிகூட இல்லை. இவ்வளவு எளிதாகச் சொல்லக்கூடிய ஒன்றுக்காகவா என்று அவளுக்கு அழுகை வந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டார்க் ரூமுக்குள் போனாள். பிளாஸ்திரியை உரித்தாள், வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். பால்தண்ணீருக்கு நடுவே மயிரிழையாக ஒரு கறுப்புக் கோடு எழுந்து நின்றது. இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. மாசானத்தின் நெகட்டிவைத் தேடி எடுத்து மாட்டினாள், அச்சிடப்போகிற தாளின் கனத்துக்குக் கழிவுத் தாள் ஒன்றை அடியில் போட்டு, அதன்மேல் கருவியை வைத்துச் சக்கரத்தைத் திருகினாள், மணல் மணலாகப் பிரிந்தது, தேரிக்காட்டில் காலை வெயிலில் தெரிகிற மணல் போல ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. நல்ல தாளை வைத்து வெளிச்சம் காட்டி மருந்தில் போட்டபோது முதலில் இடது புருவத்து வெட்டுத்தான் எழுந்து வந்தது. "இடது பக்கந்தான் பேச்சி" என்று தன்னை அறியாமல் சத்தமாகச் சொன்னாள்.

ஆனால் செய்த வேலையைத் திருட்டுத்தனமாகத்தான் செய்தாள். பேச்சித்தாய் வீட்டுக்குப் போய், படத்துக் கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருக்கிறது, துடைத்துத் தருகிறேன் என்று வாங்கி வந்து, பழைய படத்தை உருவிவிட்டுப் புதியதைச் சட்டத்துக்குள் வைத்துத் திரும்ப மாட்டிவிட்டு வந்தாள். மாட்டும்போது பேச்சித்தாய் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முகம் கிடைத்துவிடும், விஷயமும் வெளியே வராது, யாருக்கும் நஷ்டமில்லை என்று புஷ்பம் நினைத்தாள். அன்றைக்குச் சோறு கொஞ்சம் இறங்கியது.

அந்த வாரம் கழிந்து வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டுடியோ வாசலில் ஒரு ஆள் வந்து நின்றது. மொட்டைத் தலை, தலை முழுக்கச் சந்தனம், காதோரம் சவரக் கத்தி கீறிய ஒரு சிவப்புக் கோடு. புஷ்பத்துக்கு ஒரு நிமிஷம் ஆள் பிடிபடவில்லை. இடுப்புவரை முடி இருந்தவள் பேச்சித்தாய்.

"மொகம் வந்துட்டுக்கா!" அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. "கொல்லையில நிக்கேன், திடீர்னு முன்னால வந்து நிக்காவ, எலுமிச்சம்பழத்தோட. ஓடிப்போய்ப் படத்தப் பாத்தா பளிச்சுனு இருக்கு. எம் மனசுலதான் அழுக்குக்கா. பாசமில்லாத மூதேவியாத்தான் இருந்திருக்கேன், முருகன் கழுவி விட்டுட்டான். இனிமே சிரிக்க மாட்டேன், சினிமா கினிமா எல்லாம் வேண்டாம். அவன் எம் பாவத்த மன்னிச்சதே பெருசு." பன்னீர் இலையில் மடித்த விபூதியைப் பிரித்து, எட்டி, புஷ்பத்தின் நெற்றியில் பூசினாள். "நீதான் அன்னைக்கு எனக்கு ஆறுதல் சொன்ன. நீ நல்லா இருக்கணும்."

விபூதி கண்ணாடிமேல் உதிர்ந்தது. புஷ்பம் அதைத் துடைக்காமல் நின்றாள். படத்தை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாளே, முகத்தை மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறாள், அவளே கொடுத்த பாவத்தை அவள்மீது அப்படியே விட்டுவிட்டாள், அது இனி இந்த மொட்டைத் தலைக்குள் கடைசிவரை இருக்கும்.

"ஒம் மனசுல அழுக்கு இல்ல பேச்சி," என்றாள். "எங் கண்ணுலதான் கோளாறு."

உள்ளேயிருந்து சிவனணைந்தான் வந்து நின்றார். அவர் இருக்கும்போதே அவள் சொன்னாள், மதுரைக் கடையைச் சொன்னாள், கோடு தெரியாததைச் சொன்னாள், தெரியுது என்று சொன்னதைச் சொன்னாள், பிளாஸ்திரியைச் சொன்னாள், டிரில் மாஸ்டரிலிருந்து துபாய்ப் பையன்கள்வரை, ஊர் மங்கியது ஏன் என்று சொன்னாள், பூஞ்சை என்று பொய் சொல்லி வாங்கிவந்து படத்தை மாற்றியதையும் சொன்னாள். சிவனணைந்தான் புகைபோன்ற கையைத் தூக்கித் தன் புகைபோன்ற முகத்தைத் தடவிப் பார்த்தார்.

பேச்சித்தாய் பெஞ்சில் உட்கார்ந்து தலையைத் தடவினாள். கையெல்லாம் சந்தனம்.

"அன்னைக்கு நான் இந்த பெஞ்சுல உக்காந்து அழுதேம்லா. அப்ப ஒனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டு மோர் குடுத்தே."

புஷ்பம் கண்ணாடியைக் கழற்றி அதிலிருந்த விபூதியைத் துடைத்தாள்.

"செய்யாத துரோகத்துக்கு அழுதிருக்கேன், யக்கா. தெனமும் அவுக படத்துக்கு முன்னால நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அவுக மொகத்தத் தெளிய வச்சுட்டே, சரி. நான் அழுதத எந்தக் கண்ணாடிய வச்சுத் தெளிய வைப்பே?" அவள் எழுந்து முந்தானையை உதறினாள், வாசல்வரை போனாள், பிறகு திரும்பி வந்து சுவரோரம் படம் எடுக்க வைத்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அண்ணாச்சி, என்ன ஒரு படம் எடுங்க. இப்பிடியே, மொட்டையோட. பெரிய சைஸ்ல போடணும். எனக்கு வேண்டாம், இவளுக்கு. இவ தெனமும் பாக்குத எடத்துல மாட்டணும்."

சிவனணைந்தான் யாரைப் படம் எடுத்தாலும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் எடுத்தார்.

பெரிதாக்குகிற அன்றைக்குப் பேச்சித்தாயும் டார்க் ரூமுக்குள் வந்தாள். "தெரியுதுன்னு நீ சொல்லுவ, நான் எப்படி நம்புவேன்? நான் பாக்கேன்" என்றாள். புஷ்பம் கருவியைத் தாளின்மேல் வைத்து, அவள் கையைப் பிடித்து வளையத்தில் வைத்தாள்.

"கோடு தெரியுதா பேச்சி?"

"இல்ல... இல்ல... ஆங், இப்பத் தெரியுது. மயிரிழையா."

"இனி அந்தச் சக்கரத்தத் திருப்பு. மணலு பிரியுத வரைக்கும்."

பேச்சித்தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினாள். மணல் பிரிந்ததும் குழலை விட்டுக் கண்ணை எடுத்து, "ஒனக்குத் தெரியுதா, பாரு" என்றாள்.

புஷ்பம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். வளையம் பேச்சித்தாயின் கண்ணுக்கு இருந்தது. பால்தண்ணீர்தான் தெரிந்தது.

"எனக்குத் தெரியல," என்றாள்.

சொல்லிவிட்டால் இவ்வளவுதான். அந்தச் சின்ன வார்த்தை நாக்கிலிருந்து ஒரு சிரமமும் இல்லாமல் வந்து விழுந்தது, அதுதான் அவளைக் குத்தியது.

அதன்பிறகு ஊருக்கும் சொன்னாள். சிலர் திட்டினார்கள், ஒருத்தர் ஸ்டுடியோ போர்டில் கல்லெறிந்தார், பெரும்பாலோர் படத்தைத் திரும்பக் கொண்டுவந்து தெளிவாக்கிக்கொண்டு போனார்கள், போன கையோடு வீடுகளில் பழைய சண்டைகளும் திரும்பின. டிரில் மாஸ்டரின் பெண்டாட்டி அவர் மீசையைப் பார்த்து, இதை மறந்தே போயிருந்தேன் என்று சொல்லிச் சிரித்தாளாம். அம்மைத் தழும்புக்காரி தன் படத்தைத் தரவில்லை, அவள் புருஷன்தான் வந்து, எனக்குப் பார்க்கணும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான். வாலிபால் டீம் மட்டும் அடுத்த சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்கள், அவர்கள் இன்னும் வரவில்லை. சிவனணைந்தான் தன் சங்கத்து அட்டையைக் கடைசியில்தான் நீட்டினார். தெளிந்த முகத்தில் அவர் சிரிக்கவில்லை என்பதை அவள் அன்றைக்குப் பார்த்தாள். வருகிறவர்களிடம் அவர் இப்போது, மீதி எங்க வீட்டுக்காரி கண்ணு என்று சொல்வதில்லை.

பேச்சித்தாயின் படம் டார்க் ரூம் கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. உள்ளே போகும்போதும் வரும்போதும் பார்க்காமல் இருக்க முடியாது. கத்தி கீறிய கோடு தெரிகிறது, காய்ந்த சந்தனத்தின் வெடிப்புகள் தெரிகின்றன, ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனியாகத் தெரிகிறது. அவள் சோடா கம்பெனியை மறுபடி திறந்துவிட்டாள், கடையில் நின்று சிரிக்கவும் செய்கிறாள், தண்ணீர்க் குழாயில் புஷ்பத்தைப் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசுவாள், மூன்றாவது வார்த்தை பேசமாட்டாள். ஐப்பசி மழைக்குள் அவளுக்கு முடி காதைத் தொட்டது, அடுத்த வருஷத்துக் கோயில் கொடைக்குக் கொண்டை போடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. சுவரில் இருக்கிற தலையில் இன்னும் வளரவில்லை.